டோக்கியோவில் மூத்த வீட்டுக்கு முதல் மரியாதை

சொல்தட்டாபட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் முட்டாள்கள் இல்லை. சொன்னதைச் செய்கிறவர்கள், அவ்வளவுதான். ஒரு இம்மி கூடவும் செய்ய மாட்டார்கள், குறையவும் செய்ய மாட்டார்கள். "பாலை அஞ்சு நிமிசம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால், ஆறாவது நிமிசம் பொங்குகிற பாலுக்கு அவர்கள் பொறுப்பில்லை. இதில் தப்பு யாருடையது, நீங்களே சொல்லுங்கள்.

இந்த நல்ல குணத்தால் கெட்டுப்போனது தவசியின் கல்யாணம். பையன் தங்கமான பையன். கோவில்பட்டியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு வீட்டார், "பொண்ணைப் பாத்துட்டுச் சொல்லி அனுப்புங்க" என்றார்கள். இவர்களும் ஊருக்குத் திரும்பியதும், "பார்த்துவிட்டோம்" என்று ஒழுங்காகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு மேல் அந்த வீட்டிலிருந்து பேச்சில்லை. இன்னொரு வீட்டில், "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார்கள். தவசியின் தாய்மாமன் சங்கிலிமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ராத்திரிக்கு என்ன குழம்பு என்று கேட்டார். அதுவும் போயிற்று.

இப்படியிருக்கையில்தான் ஜப்பானில் இருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் பெயர் வினோதினி. அப்பா திருமேனி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், டோக்கியோவில் பல வருஷமாக வேலை. தவசியும் வினோதினியும் போனில் பேசினார்கள். அவள் சிரித்தால் இவனுக்கு இங்கே ஸ்பானர் கையிலிருந்து நழுவும். இந்தப் பெண் கிடைக்கவில்லை என்றால் இனி ஜாதகத்தையே கையில் எடுப்பதில்லை என்று குலசாமி முன்னால் சொல்லிவிட்டான். சொல்தட்டாபட்டியில் சொன்னால் சொன்னதுதான். ஆகவே இந்தப் பயணம் அவனுக்கு வாழ்வா சாவா என்றாகிவிட்டது.

அப்பா இல்லாத பையன். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தவசி, மாமா சங்கிலிமுத்து, அத்தை பேச்சியம்மாள் என்று மூன்று பேர்தான் தேறினார்கள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போனால் உருப்படுமா? அதனால் நான்காவது ஆளாக கோமதிநாயகம் என்பவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நான்காவதாக இருப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. அதை அவர் மிகவும் சிரத்தையாகச் செய்தார்.

விமானத்தில் உட்கார்ந்து முகவரியை விரித்தார்கள். அங்கேயே முதல் விவாதம் தொடங்கிவிட்டது.

"என்னலே இது, தலைகீழா இருக்கு?" என்றார் மாமா. "நம்ம ஊர்ல முதல்ல ஆள் பேரு, அப்புறம் வீட்டு நம்பரு, தெரு, கடைசியில ஊரு. இவரு ஊரை முன்னால போட்டுட்டுத் தன் பேரைக் கடைசியில போட்டிருக்காரு."

"அடக்கமான மனுசன்" என்றாள் அத்தை.

"அடக்கமா, இல்ல ஒளிஞ்சுக்கிடுதாரா?"

"தெருவுக்குப் பேரே இல்லையே அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம்.

"பேரு இல்லையா? ஏன், அந்த ஊர்ல தலைவரே பொறக்கலையா?"

"பொறந்திருப்பாங்க. பேர்ப்பலகை தொறக்க வரலை போல."

தவசி விளக்கினான். அங்கே தெருவுக்குப் பெயர் கிடையாதாம். தெருக்களுக்கு நடுவில் இருக்கிற வீட்டுக் கூட்டத்துக்குத்தான் எண்ணாம். இவர்கள் போக வேண்டியது ஏழாம் எண் கூட்டத்தில் பதினாலாம் எண் வீடு. திருமேனி போனில் நான்கு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, "ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால வந்துருங்க. வீட்ல சண்முகவடிவு சகுனம் பாக்குறவ, ராகுகாலத்துல வாசல் மிதிச்சா சம்பந்தமே வேண்டாம்பா." இரண்டு, "வழி தெரியலைன்னா ஸ்டேஷன்ல இருந்து ஒரு போன் போடுங்க." மூன்று, "அங்க உள்ளவங்க குனிஞ்சு வணக்கம் வச்சா நீங்களும் குனிங்க." நான்கு, "எங்க பக்கம் இன்னும் பழைய முறை. வீட்டு நம்பர் வரிசையா இருக்காது. எந்த வீட்டை முதல்ல கட்டினாங்களோ அது ஒண்ணு, அடுத்துக் கட்டினது ரெண்டு. வயசுப்படிதான் நம்பர். பாத்து வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அத்தை கையில் ஒரு தாம்பாளம், மாமா கையில் ஒரு தாம்பாளம். அதிரசம், முறுக்கு, சீனிமிட்டாய், குங்குமச்சிமிழ், பட்டுச்சேலை.

"போன் போட்டுருவோமா மாமா?" என்று கேட்டான் தவசி.

"வழி தெரியலைன்னாத்தானே போன் போடச் சொன்னாரு? இன்னும் வழியே ஆரம்பிக்கலையே. தெரியுமா தெரியாதான்னு இப்பமே எப்படிச் சொல்ல?"

நியாயம்தான். பக்கத்தில் ஒரு சின்ன போலீஸ் அறை இருந்தது. வழி கேட்கிறவர்களுக்கென்றே அந்த நாட்டில் அப்படி வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்கப் போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்க முடியாது என்று அத்தை நின்றுவிட்டாள். கோமதிநாயகம் எண்ணிக்கைக்கு வந்த ஆள்தானே, அவருக்கு என்ன சகுனம் என்று தவசியின் போனைக் கையில் கொடுத்து அவரை உள்ளே அனுப்பினார்கள். போலீஸ்காரர் வரைபடத்தைப் பார்த்து, ஒரு தாளில் அழகாக வழி வரைந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். தவசியின் போன், அவர் பேசியதைச் சுத்தத் தமிழில் மாற்றிச் சொல்லியது: "இதனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்."

மாமா அதை மடித்து இடுப்பு பெல்ட் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். அதன்பிறகு வெளியே எடுக்கவே இல்லை. நாய்க்குட்டியோடு வந்த ஒரு பெண்மணி இவர்களுடைய தாம்பாளங்களைப் பார்த்து இரக்கப்பட்டு, ஏழாம் கூட்டம் வரை கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போனாள். இல்லாவிட்டால் இந்தக் கதை ஸ்டேஷனோடு முடிந்திருக்கும்.

தெருமுனையில் ஒரு பலகையில் வீடுகளின் படமும் எண்ணும் போட்டிருந்தது. பதினாலு பக்கத்திலேயே இருந்தது. தவசி ஓட்டமாகக் கிளம்பினான்.

"நில்லு மருமகனே" என்றார் மாமா. "நம்பரு எப்படிப் போட்டிருக்குன்னு சொன்னாரு உன் மாமனாரு?"

"வயசுப்படி."

"அப்ப பதினாலு?"

"கடைக்குட்டி."

"மூத்தவங்க பதிமூணு பேரு குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கையில, அவங்களைத் தாண்டிக் கடைக்குட்டி வீட்டுக்குள்ள போயிருவியோ? ஊரு காறித் துப்பாது?"

சீர்த்தட்டு கையில் இருக்கும்போது முதல் மரியாதை மூத்தவருக்கு என்பது அவனுக்குத் தெரியாததா? 'பாத்து வாங்க' என்று திருமேனி சொன்னது இதைத்தான் என்று அத்தை சொன்னாள். மூத்தவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்றாம் எண், அந்தக் கூட்டத்தின் மறுகோடியில் இருந்தது. ஓடு போட்ட மர வீடு. மணியடித்ததும் ஒரு வயதான அம்மாள் வந்தார்.

"தாயி, நாங்க இங்க புதுசு. நீங்கதான் மூத்தவங்க. முதல் மரியாதை உங்களுக்குத்தான்" என்றார் மாமா. போன் அதை ஜப்பானிய மொழியில் சொல்லியது. அத்தை அதிரசத்தை நீட்டினாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்த ஊரில் புதிதாகக் குடிவருகிறவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒரு சின்ன பொருளோடு போய் அறிமுகம் சொல்லிக்கொள்வது வழக்கம். இப்போதெல்லாம் அது குறைந்துவிட்டதாம். அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குனிந்து வணக்கம் சொன்னார். இவர்கள் நான்கு பேரும் குனிந்தார்கள். பதில் வணக்கத்துக்கு அவர் மறுபடி குனிந்தார். அவர் குனிந்ததால் இவர்களும் குனிந்தார்கள். இது எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே அடுப்பில் ஏதோ தீய்ந்த வாடை வந்ததும் அந்த அம்மாள் உள்ளே ஓடி, திரும்பி வரும்போது ஒரு துண்டை அழகாகச் சுற்றிக் கொடுத்தார். வாங்கினால் பதிலுக்குக் கொடுப்பது அவர்கள் பழக்கம்.

இரண்டாம் எண்ணில் முறுக்கு கொடுத்துப் பாத்திரம் கழுவுகிற சோப்பு வாங்கினார்கள். மூன்றாம் எண்ணில் தொப்பி போட்ட ஒரு பெரியவர், சீனிமிட்டாய்க்குப் பதில் ஒரு கட்டு வெங்காயத்தாள் கொடுத்தார். நான்காம் எண் எங்கே என்று அவரிடம் கேட்டார்கள். அவர் பக்கத்தில் கார் நிறுத்தியிருந்த காலி மனையைக் காட்டினார்.

"நான்காம் எண் சென்ற ஆண்டு போய்விட்டது" என்றது போன். "இப்போது இல்லை."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"விசயம் தெரிஞ்சும் துக்கம் கேக்காமப் போனா நல்லாருக்காது" என்றாள் அத்தை. தாம்பாளத்தை கோமதிநாயகத்திடம் கொடுத்துவிட்டு, தலைமுடியை அவிழ்த்து, காருக்கு முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"நாலாம் நம்பரு ராசாவே
நாங்க வரக் காணலியே
காரக் கொண்டு நிறுத்திட்டாக
கால் பதிச்ச எடத்துமேல..."

பேச்சியம்மாள் ஒப்பாரி என்றால் ஏழு ஊர் கேட்கும். மூன்றாம் எண் பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். சின்ன வயதில் அவர் விளையாடிய வீடு அது. இடித்த அன்றைக்கு அதற்காக ஒருவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போது கடல் தாண்டி வந்து ஒரு பெண் அழுகிறாள். அவரும் தாங்க முடியாமல் அழுதுவிட்டார்.

துக்கம் கேட்டாயிற்று. ஆனால் துக்க வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் நல்ல காரியத்துக்குப் போகலாமா? பக்கத்துப் பூங்காவில் குழந்தைகள் கை கழுவுகிற குழாய் இருந்தது. நால்வரும் உடுத்திய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். ஊஞ்சலில் ஆடிய பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மாமா, ராகுகாலம் வந்துரும்" என்றான் தவசி. தண்ணீரோடு அவன் கண்ணீரும் வடிந்தது.

"பதறாதே. ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பாப்பாரு? நம்ம ராகு இந்தியாக்காரரு. அங்க இன்னும் மத்தியானமே ஆகலை."

"இந்த ஊர் நாலரைக்கு நம்ம ஊர்ல என்ன மணி அண்ணாச்சி?" என்றார் கோமதிநாயகம்.

தவசி போனைப் பார்த்தான். "ஒரு மணி."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணியா? அது எமகண்டமில்லா!" என்று அத்தை அலறினாள்.

இங்கே பார்த்தால் ராகு, அங்கே பார்த்தால் எமன். நால்வரும் ஈரத்தோடு எழுந்து ஓடினார்கள். ஓட்டம் என்றால் ஐந்தாம் எண்ணுக்கு ஓட்டம். ஆறாம் எண்ணில் தனியாக இருந்த தாத்தாவுக்கு, தட்டில் அடுத்து வந்தது அதுதான் என்பதால், பட்டுச்சேலையைக் கொடுத்தார்கள். அவர் அதைத் தலைமேல் தூக்கி வைத்து நன்றி சொல்லிவிட்டு ஒரு முள்ளங்கி கொடுத்தார். ஒன்பதாம் எண் வந்தபோது மறுபடி ஒரு தகராறு. பழைய வீட்டை இடித்து அதே எண்ணில் புதிதாகக் கட்டியிருந்தார்கள்.

"இவருக்கு வயசு அறுபதா, ரெண்டா?" என்றார் மாமா.

"செத்து மறுபடி பொறந்திருக்காரு. பச்சைப்பிள்ளை" என்றாள் அத்தை.

"பச்சைப்பிள்ளையை எல்லாரும் கும்பிட வேண்டாம். பிள்ளைக்கு முட்டாயி மட்டும் குடுத்துட்டு வாங்க" என்று தவசி கெஞ்சினான். அதில் கொஞ்சம் நேரம் மிஞ்சியது.

பதிமூன்றாம் எண்ணை விட்டு வெளியே வந்தபோது தாம்பாளங்களில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒன்றும் இல்லை. துண்டுகள், சோப்பு, வெங்காயத்தாள், முள்ளங்கி, ஒரு சோயா எண்ணெய் டப்பா, எந்தக் கிழமையில் எந்தக் குப்பையை வெளியே வைக்கவேண்டும் என்று படம் போட்ட நாள்காட்டி. சீர் நிறைவாகத்தான் இருந்தது.

ஆனால் பதினாலாம் எண்ணில் இரண்டு வீடு இருந்தது. ஒரே மனையைப் பிரித்துக் கட்டியது. இரண்டு வாசலிலும் பதினாலு. பெயர்ப்பலகை இரண்டும் ஜப்பானிய எழுத்தில்.

"ரெட்டைப் பிள்ளைக" என்றாள் அத்தை.

"வினோதினின்னு ஒரு சத்தம் குடுக்கட்டுமா மாமா?"

"பொண்ணு பேரைத் தெருவுல நின்னு கூவுதது நம்ம குடும்பத்துக்கு அழகா? வழி தெரியலைன்னா என்ன செய்யச் சொன்னாரு?"

"போன் போடச் சொன்னாரு."

"எங்க இருந்து?"

"ஸ்டேஷன்ல இருந்து."

மாமா கோமதிநாயகத்தைப் பார்த்தார். கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார்.

சிறிது நேரத்தில் இடப்பக்கத்து வீட்டுக்குள் போன் அடித்தது. கதவு திறந்தது. திருமேனி செருப்பைத் தேடிக்கொண்டே வெளியே வந்து, வாசலில் சொட்டச் சொட்ட நிற்கிற மூன்று பேரைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"ஸ்டேஷன்ல நிக்கோம்னு இப்பத்தானே போன் வந்துச்சு? வாங்க வாங்க, உள்ள வாங்க! நேரமாச்சு!"

மூவரும் அசையவில்லை. மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சம்பந்தி, தப்பா நெனைக்கக் கூடாது. நாங்க இப்ப மூணு பேரா இருக்கோம்."

திருமேனிக்குச் சட்டென்று விளங்கியது. அவரும் தெற்கத்தி ஆள்தானே. "நான் போய் அவரை இழுத்துட்டு வாரேன்" என்று ஸ்டேஷனுக்கு ஓடினார். கதவருகில் அவர் மனைவி சண்முகவடிவு கடிகாரத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலரைக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. தவசி நிலைப்படியைப் பார்த்தான். நான்கு எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். இத்தனை தூரம் வந்து இந்த நான்கு எட்டில் போகிறதே என்று அவன் குலசாமியை நினைத்துக்கொண்டான்.

அப்போது அம்மாவை ஒதுக்கிவிட்டு வினோதினி வெளியே வந்தாள். ஒப்பாரி தொடங்கியதில் இருந்து மாடி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள். அழுகிறவர்களை இடையில் கூப்பிடுவது மரியாதை இல்லை, மூத்தவர்களுக்கு மரியாதை செய்கிறவர்களை மறிப்பதும் முறை இல்லை என்று பேசாமல் இருந்தாளாம். நேராக வந்து தவசிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இப்ப எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

மாமா விரல்விட்டு எண்ணினார். "நாலு!"

"அப்ப வாங்க, பொண்ணு பாக்கப் போவோம்."

நான்கு பேரும் வலது காலை வைத்து உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கடிகாரம் நாலரை அடித்தது. சண்முகவடிவு கையெடுத்துக் கும்பிட்டாள்.

அத்தை, "பொண்ணை வரச்சொல்லுங்க" என்றாள்.

"உங்ககூடத்தானே வந்திருக்கா" என்றாள் சண்முகவடிவு.

"அது எங்க ஆளு. உங்க பொண்ணு எங்க?"

பெண் மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் காப்பி கொண்டுவர ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் திருமேனியோடு மூச்சிரைக்க வந்த கோமதிநாயகத்தின் கையில் காப்பித் தட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். வினோதினியும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு, "எங்களுக்குச் சம்மதம்" என்றாள். எல்லோருக்கும் சம்மதம்.

கல்யாணம் சொல்தட்டாபட்டியில் என்று முடிவாயிற்று. மாமா ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பத்திரிகை அடிக்க உட்கார்ந்தார். நாம் பட்ட பாடு பெண் வீட்டார் படக்கூடாது, நம்பரும் கிம்பரும் மனுசனைக் குழப்பும், நம் ஊர் முறைப்படி விவரமாக எழுதிவிடுவோம் என்றார். இப்படி எழுதினார்: 'பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் பெருமாள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இடப்பக்கம் திரும்பினால் ஒரு எருமை கட்டியிருக்கும். எருமை பார்க்கிற திசையில் நடந்தால் வாசலில் மாப்பிள்ளை தவசி நின்றுகொண்டிருப்பார். அதுதான் வீடு.'

பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது. அச்சில் ஏறிய சொல்லை மாற்ற முடியுமா? அன்று முதல் பெருமாள் டீக்கடையை விட்டு நகரவில்லை. படித்து முடித்த பேப்பரையே மறுபடி முதலில் இருந்து படித்தார். எருமை தலையைத் திருப்பிவிடாமல் இருக்க அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு கோமதிநாயகம் உட்கார்ந்தார். தவசி வாசலில் நின்றான்.

திருமேனி குடும்பம் ஒரு இடத்தில்கூட இடறாமல் நேராக வந்து சேர்ந்தது. மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. முகூர்த்த நேரம் வந்தது. ஐயர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வரவில்லை.

"நான் உள்ள வந்துட்டா வாரவுகளுக்கு வீடு எப்படித் தெரியும்?" என்றான் தவசி. "இன்னும் வரவேண்டிய ஆள் இருக்கே."

ஊர் கூடி யோசித்தது. அவன் சொல்வதில் ஒரு தப்பும் தெரியவில்லை. மணவறையைப் பிரித்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை நின்றபடியே தாலி கட்டினான். வினோதினியும் நின்றபடியே கட்டிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்தது, பந்தல் பிரித்தாயிற்று. சாத்தூரில் இருந்து ஒரு சித்தப்பா இன்னும் வரவில்லை. தவசி நகரவில்லை. கடைசியில் வினோதினிதான் ஒரு வழி சொன்னாள். "ஆளுக்குப் பதிலா ஒரு பலகை வச்சிருவோம். வாரவங்க படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க."

இப்படி ஒரு மூளை நம் ஊருக்கு மருமகளாக வந்திருக்கிறதே என்று எல்லோரும் மெச்சினார்கள். உடனே பலகை தயாரானது. பெரிய எழுத்தில், 'தவசி நிற்கும் இடம்' என்று எழுதி வாசலில் நட்டார்கள். தவசி அப்பாடா என்று வீட்டுக்குள் ஒரு கால் வைத்தான்.

மாமா பலகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "நில்லு மருமகனே. எழுதிப்போட்டாச்சு. இனிமே நீ இங்க இல்லைன்னா பலகை பொய் சொன்னதா ஆயிரும்லா?"

தவசி யோசித்துப் பார்த்தான். சரிதான். காலை வெளியே எடுத்து, பலகைக்குக் கீழே போய் நின்றான். வினோதினியும் பலகையை ஒருமுறை படித்தாள். பிறகு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அவன் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.